ஒரே அளவுகோலும் ஒவ்வொரு பள்ளியும்



ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவரையும் ஒரே வினாத்தாளைக் கொண்டு அளந்தறிவது நன்றா? அல்லது, மாணவர் எதனைக் கற்க வேண்டும், எவ்வளவு கற்றனர் என்று தீர்மானிக்கும் உரிமையை அந்தந்தப் பாடசாலைக்கே விட்டுவிடுவது நன்றா? கல்வியுலகில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் வழக்கு இது. இரு பக்கத்திலும் அறிஞர் உளர். இரு பக்கத்திலும் நியாயமும் உண்டு. இவ்வழக்கை நூல்நிலையத்தில் அமர்ந்து ஆராய்வது ஒரு வகை. ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்குச் செல்லும் பாதையில், தேயிலை மலைகளுக்கு நடுவே, டிக்கோயாவிலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருந்துகொண்டு ஆராய்வது மற்றொரு வகை. நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். ஆகவே, மலைநாட்டுத் தோட்டப்புறப் பிள்ளையை முன்னிறுத்தியே இப்பொருள் பற்றிச் சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

முதலில், பாடசாலையின் சுதந்திரம் என்பதை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு இனிய சொல் அது. ஆனால், இந்நாட்டிலே ஒரு காலத்தில் மிகுந்த சுதந்திரம் பெற்றிருந்த பாடசாலை எது என்று கேட்டால், அது தோட்டப் பாடசாலைதான் என்று நான் விடை கூறுவேன். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. எவ்வகையான கட்டடம், எத்தகைய ஆசிரியர், எத்தனை மணி நேரம் என்பனவெல்லாம் பெரும்பாலும் அவர் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே பல தோட்டங்களில் காணப்பட்ட நிலை. கொழுந்து மிகுந்த காலத்தில் பிள்ளைகளும் மலைக்குப் போயினர். தலைநகரிலிருந்து வந்த பொதுப் பரீட்சை எதுவும் அந்த அறையின் அமைதியைக் குலைக்கவில்லை. குலைக்காததன் விளைவு என்ன? பேரனும் பேத்தியும் பாட்டனாரின் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் ஏற்றுக்கொண்டனர். வேறு விளைவு இல்லை.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களைத் தலைவராகக் கொண்ட விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது ஒரு விடிவு. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் அதன் பிறகும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவருக்காக வாதாடுவோர் எப்பொழுதும் சிலரே. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதுகூடத் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களிலேதான் அவை படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதற்கும் பிறகு, 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. தோட்டங்களிலே பிறந்த இளைஞரும் யுவதியரும் அங்கே பயிற்சி பெற்று, தாம் பிறந்த மலைகளுக்கே ஆசிரியராகத் திரும்பினர்.

இவ்வரலாற்றை இவ்வளவு விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. வளமும் பொறுப்பும் இல்லாத இடத்தில் சுதந்திரத்தை மட்டும் கொடுத்தால், அது கைவிடுதலுக்கு இன்னொரு பெயராகும். பாடசாலைச் சுதந்திரத்தின் புகழைப் பாடுவோர், சுவரும் கூரையும் ஆசிரியரும் உள்ள பாடசாலையை மனத்தில் வைத்துக்கொண்டே பாடுகின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, பொதுப் பரீட்சையின் பக்கத்தைப் பார்ப்போம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்திலே ஒரு பிள்ளை அமர்ந்து எழுதும் விடைத்தாளில் அதன் பெயர் இல்லை. சுட்டெண் மட்டுமே உண்டு. அந்தப் பிள்ளையின் தகப்பனார் கணக்கப்பிள்ளையா, காவற்காரரா, தாயார் எந்த டிவிசனில் கொழுந்து எடுப்பவர், வீடு லயத்தின் எந்தத் தொங்கலில் உள்ளது என்பவை எதுவும் அந்தத் தாளைத் திருத்துபவருக்குத் தெரியாது. கொழும்பிலே பெரிய கல்லூரியொன்றில் பயிலும் பிள்ளையின் தாளும், டிக்கோயாவில் மழைக்கு ஒழுகும் வகுப்பறையில் பயின்ற பிள்ளையின் தாளும் ஒரே கட்டில் கிடக்கலாம். பரிந்துரைக் கடிதத்தாலும் ஆள் அறிமுகத்தாலும் கருமங்கள் நடைபெறும் ஒரு சமுதாயத்திலே, ஆளறியாத இந்த ஏற்பாடு எளியவனுக்குக் கிடைத்த பெருங்கேடயம். மலையகத்திலிருந்து இன்று மருத்துவரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் பல்கலைக்கழக விரிவுரையாளரும் தோன்றியுள்ளனர் என்றால், அவர்கள் இந்த வாயிலின் வழியாகவே வந்தனர். ஆதலின், பொதுப் பரீட்சை முழுவதையும் ஒழித்துவிட வேண்டும் என்று யாராவது கூறினால், மலைநாட்டு ஆசிரியன் என்ற முறையில் நான் அதனை எதிர்ப்பேன்.

ஆனால் ஒரே அளவுகோல் என்றால் எப்பொழுதும் ஒரே நீதி என்று பொருளாகுமா? தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் இந்நாட்டுத் தமிழ் நேயர்களின் நெஞ்சில் ஒரு பழைய காயம் நோகும். 1970களின் தொடக்கத்தில், ஒரே பல்கலைக்கழகத் துறைக்கு மொழிக்கொரு வெட்டுப்புள்ளி விதிக்கப்பட்டது. தமிழ் மொழியிற் பரீட்சை எழுதியவர் கூடிய புள்ளி பெற வேண்டியிருந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்றைய ஏற்பாட்டின்படி, பெரும்பாலான துறைகளில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. அப்பின்தங்கிய 16 மாவட்டங்களுள் எமது நுவரெலியாவும் ஒன்று. அந்த ஒதுக்கீட்டினால் எமது பிள்ளைகள் பயன் பெற்றிருக்கின்றனர்; அதனை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் மாவட்டம் என்பது ஒரு கோடு மாத்திரமே. அந்தக் கோட்டுக்குள் நகரத்துப் பாடசாலையும் இருக்கிறது; பஸ் செல்லாத தோட்டத்துப் பாடசாலையும் இருக்கிறது. ஒரே புள்ளியை எடுத்த இரு பிள்ளைகள் ஒரே தூரம் நடந்து வந்தவர் அல்லர் என்பதை இந்நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது. பதினெட்டு வயதில் ஏற்றுக்கொண்ட இந்த உண்மையை, பத்து வயதில் நாம் எவ்வளவுதூரம் எண்ணிப்பார்க்கின்றோம்?

பத்து வயது என்றதும் நேயர்களுக்கு விளங்கியிருக்கும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையையே குறிப்பிடுகின்றேன். கன்னங்கராவின் காலத்தில் மத்திய மகாவித்தியாலயங்கள் நிறுவப்பட்டபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைகளுள் கெட்டிக்காரரைத் தெரிந்தெடுத்து, விடுதி வசதியும் உதவிப்பணமும் கொடுத்துப் படிப்பிக்கும் உயர்ந்த எண்ணத்தோடு தோன்றியது இத்தேர்வு. இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் இதற்குத் தோற்றுகின்றனர். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள், ஒரே நாள். மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வெட்டுப்புள்ளி வேறு. ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணம் என்ற பழைய நோக்கம் இன்னும் ஓரளவு இருக்கிறது. ஆனால் அதன்மேல், புகழ்பெற்ற பாடசாலைக்குள் நுழைவதற்கான சீட்டு என்ற நோக்கம் வந்து ஏறிக்கொண்டது. அதற்கும் மேல், பாடசாலையை எடைபோடும் தராசு என்ற மூன்றாவது நோக்கமும் ஏறிக்கொண்டது. ஒரு குதிரையின்மேல் மூவர் ஏறியிருக்கின்றனர். குதிரை என்று நான் சொல்வது பத்து வயதுப் பிள்ளையை.

இதன் விளைவை எந்தப் பட்டினத்திலும் காணலாம். பெறுபேறு வெளிவந்த வாரத்திலே, சித்தியெய்திய பிள்ளைகளின் படங்களைத் தாங்கிய பதாகைகள் பாடசாலை வாயில்களிலே தொங்குகின்றன. படத்தில் இடம்பெறாத பிள்ளைகள் அதே வாயிலினூடாக உள்ளே செல்கின்றனர். மூன்றாந் தரம் முடிந்ததும் பிள்ளையின் மாலை நேரமும் சனி, ஞாயிறும் தனியார் வகுப்புக்குச் சொந்தமாகிவிடுகின்றன. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே கருத்தரங்குகளையும் மேலதிக வகுப்புகளையும் நடத்தக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடைவிதிக்க வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சில நாள் ஓய்வு கிடைப்பதற்குச் சட்டத்தின் துணை தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டோம். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நடைபெற்ற பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்னரே வெளியாகிவிட்டன என்ற விவகாரம் நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. சிறுவருக்கான ஒரு தேர்வின் மூன்று வினாக்களுக்காக நாடு இவ்வாறு கொந்தளித்தது என்றால், அத்தேர்வின்மேல் நாம் எத்தகைய பாரத்தை ஏற்றியிருக்கின்றோம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வகுப்பறைக்குள்ளே நடப்பதையும் சொல்ல வேண்டும். எமது பாடசாலையின் ஐந்தாந் தரத்தில் ஒரு நாள், பட்டினத்தில் அச்சிட்டு விற்கப்படும் மாதிரி வினாத்தாளொன்றை ஆசிரியை பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். அதிலே, பெரிய கடையொன்றில் தானாக ஏறி இறங்கும் நகரும் படியைப் பற்றி ஒரு வினா. சிறுமியொருத்தி எழுந்து, “டீச்சர், படி எப்படி நடக்கும்?” என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அதே சிறுமி, தன் தாயார் மூன்று நிறுவையிலும் எடுத்த கொழுந்து எத்தனை கிலோ, ஈரத்துக்கென்று கழித்தது எவ்வளவு, எஞ்சியதற்கு முழுப்பேர் விழுமா, அரைப்பேர்தானா என்று மனக்கணக்காகவே சொல்லக்கூடியவள். கணிதம் அவளிடம் இருக்கிறது. அதனை வெளிப்படுத்தும் வினாதான் அந்தத் தாளில் இல்லை. ஆசிரியைக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கொழுந்து நிறுவையைக் கொண்டே பின்னமும் வீதமும் கற்பித்தால், வகுப்பிலுள்ள எல்லாருக்கும் ஒரு கிழமையில் விளங்கிவிடும் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஒரு கிழமையில் ஏழு மாதிரி வினாத்தாள்களைச் செய்து முடிக்கலாமே என்ற அச்சம் அவரைத் தடுக்கிறது. பரீட்சை பாடசாலையின் சுதந்திரத்தை எவ்வாறு கவர்ந்துகொள்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம். எந்தச் சுற்றறிக்கையும் அவரைத் தடுக்கவில்லை. அந்தப் பதாகைதான் தடுக்கிறது.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. 1862ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் பெறுபேற்றின்படி கொடுப்பனவு என்ற முறை புகுத்தப்பட்டது. பரிசோதகர் வந்து வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பாடசாலைக்குப் பணம் கிடைக்கும். கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமாகிய மாத்தியூ ஆர்னல்ட் அதனைக் கடுமையாக எதிர்த்தார். பாடம் குறுகிப்போகும், உயிரற்ற மனனம் பெருகும் என்பதே அவர் போன்றோரின் கவலை. அம்முறை அங்கே அந்நூற்றாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது. அதற்கிடையில், 1870களில், உதவி நன்கொடை பெற்ற இலங்கைப் பாடசாலைகளுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. பின்னர், 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப்பின் இங்கிலாந்திலே பதினொரு வயதுத் தேர்வு ஒன்று நாடெங்கும் பரவி, பிள்ளைகளை இரு வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்பியது. 1965ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகள் அதனையும் விட்டுவிட்டன. இன்று சில பகுதிகளிலேயே அது எஞ்சியிருக்கிறது. அவர்கள் விட்டுவிட்டதை நாம் அவர்களிலும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றோம்.

மறுபக்கத்தில் பின்லாந்து நாட்டை எல்லாரும் உதாரணமாகக் காட்டுவர். அங்கே பதினெட்டு அல்லது பத்தொன்பது வயதில், மேனிலைப் பள்ளிப் படிப்பு முடியும்போது நடைபெறும் தேர்வைத் தவிர, எல்லாப் பிள்ளைகளையும் அளக்கும் தேசியப் பரீட்சை வேறில்லை. பாடசாலைப் பரிசோதகர் முறையையும் 1990களின் தொடக்கத்திலே எடுத்துவிட்டனர். இதைக் கேட்டதும் நாமும் அவ்வாறே செய்யலாம் என்று துள்ளியெழுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1979ஆம் ஆண்டிலேயே அந்நாடு, பாடசாலை ஆசிரியர் முதுமாணிப் பட்டம் வரை கற்றவராக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரே வகைப் பாடசாலையை 1970களிலேயே நாடெங்கும் அமைத்துவிட்டது. முதலில் சமமான பாடசாலை, அடுத்து ஆசிரியர், அதன் பிறகே சுதந்திரம் என்பது அவர்கள் பின்பற்றிய ஒழுங்கு. அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் என்ன நேரும் என்பதை 1907க்குப் பிந்திய எமது தோட்டப் பாடசாலைகளின் கதை காட்டுகிறது.

எமது நாட்டிலும் உள்ளூர்ச் சுதந்திரத்துக்கு ஒரு முறை வழி திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடம் என்று ஒன்று சேர்க்கப்பட்டது. அந்தந்தப் பிரதேசத்தில் வழங்கும் தொழிலொன்றைப் பாடசாலையே தெரிந்தெடுத்துக் கற்பிக்கலாம். நல்ல எண்ணந்தான். ஆனால் பெற்றோர் அதனை நம்பவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கல்வி, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேறொரு கல்வியா என்று ஐயுற்றனர். 1977இல் ஆட்சி மாறியதும் அச்சீர்திருத்தமும் மறைந்தது. தோட்டப்புறத்திலே இந்த ஐயம் இன்னும் ஆழமானது. “தேயிலையைப் பற்றிப் படிக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்? அது எங்களுக்கே தெரியுமே!” என்று ஒரு தாய் கேட்டால், அக்கேள்வியில் மூன்று தலைமுறையின் அனுபவம் இருக்கிறது. உள்ளூர்ப் பாடம் என்பது பிள்ளையை உள்ளூரிலேயே கட்டிவைக்கும் கயிறாகிவிடக்கூடாது. கொழுந்து நிறுவையில் தொடங்கும் கணக்கு, எங்கே நடைபெறும் பரீட்சைக்கும் செல்லுபடியாகும் கணக்காக முடிய வேண்டும். பாடத்தின் வாசல் எமது ஊராக இருக்கலாம். அதன் எல்லை எமது ஊராக இருத்தல் ஆகாது.

அப்படியானால் ஒரே அளவுகோலையும் பாடசாலையின் சுதந்திரத்தையும் எங்ஙனம் இணைப்பது? எமது மலைகளிலே தினந்தோறும் நடக்கும் ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும் தராசு எல்லா மலைக்கும் ஒன்றுதான். கிலோவுக்குக் கிராம் மாறாது. தராசு பிழையென்றால் தொழிலாளி பொறுக்கமாட்டார், பொறுக்கவும் கூடாது. ஆனால் ஒரு நாட்பேர் விழுவதற்கு எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்ற கணக்கு, கொழுந்து நிறைந்த காலத்தில் ஒன்று, வறட்சிக் காலத்தில் ஒன்று. இளந்தேயிலை மலைக்கு ஒன்று, கிழட்டு மலைக்கு வேறொன்று. மேலும், எடை மாத்திரமே குறி என்றால் முற்றிய இலையையும் காம்பையும் அள்ளிக் கூடையை நிறைக்கலாம். நிறை கூடும், தேயிலை கெடும். அதனாலேதான் நல்ல கங்காணி நிறுவைக்கு முன் கூடைக்குள் கையைவிட்டுப் பார்க்கிறார். தராசு ஒன்றாக இருக்கட்டும். எதிர்பார்ப்பு மலையறிந்து இருக்கட்டும். கூடைக்குள் கைவிட்டுப் பார்க்கும் ஆளும் இருக்கட்டும். கல்விக்கும் இவையே வேண்டும் என்பது எனது துணிபு.

இதனைச் செயலளவில் எவ்வாறு கொண்டுவரலாம் என்று சில யோசனைகளைக் கூறுகின்றேன். பதினாறு வயதிலும் பதினெட்டு, பத்தொன்பது வயதிலும் நடைபெறும் இரண்டு பொதுப் பரீட்சைகளும் இருக்கட்டும். அவை சுட்டெண்ணின் நீதியைக் காக்கின்றன. பத்து வயதில் வேண்டியது வரிசைப்படுத்தும் தேர்வு அன்று. குறை கண்டறியும் சோதனை. பிள்ளை சரளமாக வாசிக்கின்றதா, வாசித்ததை விளங்கிக்கொள்கின்றதா, நான்கு அடிப்படைக் கணக்குகளும் கைவந்தனவா என்று மூன்றாம், நான்காம் தரங்களிலேயே ஒரு பொதுச் சோதனை வைத்துப் பார்க்கலாம். அதன் பெறுபேறு வகுப்பாசிரியரிடமும் பெற்றோரிடமும் இருந்தாற் போதும். குறை தெரிந்தபின் இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஐந்தாந் தரத்து முடிவிலே வெட்டுப்புள்ளியைக் கண்டு அழுவதினும் அது மேலானது. உதவிப்பணத்தைப் பொறுத்தவரை, அது தேவையுள்ள பிள்ளைக்கு அதன் தேவை கருதியே கிடைக்க வேண்டும். 149 புள்ளிக்கும் 150 புள்ளிக்கும் இடையே பசியில் வேறுபாடு இல்லை.

பாடசாலைக்கு வேண்டிய சுதந்திரம் எது? பெரிய சுதந்திரம் எதையும் நான் கேட்கவில்லை. இன்று தவணைப் பரீட்சைக்குக்கூட மாகாணத்திலிருந்தோ வலயத்திலிருந்தோ பொது வினாத்தாள் வருகின்றது. தான் மூன்று மாதம் கற்பித்த பாடத்துக்குத் தானே வினாத் தயாரிக்கும் பொறுப்பை ஆசிரியரிடம் கொடுப்பதிலே என்ன அபாயம்? தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் பாதை சறுக்கி, மண் சரிந்து, வரவு பாதியாகும் நாட்களை எண்ணிப் பாடத்திட்டத்தின் ஒழுங்கை முன்பின்னாக மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். ஓர் ஆசிரியர் வந்து பிள்ளைகளின் பெயர்களைக் கற்று முடிப்பதற்குள் இடமாற்றம் பெற்றுச் செல்லாதவாறு, குறைந்தபட்ச காலமாவது அவரை நிறுத்திவைக்கும் உறுதி வேண்டும். 2006ஆம் ஆண்டு தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் அமைந்த பாடசாலை அபிவிருத்திக் குழுக்களிலே பெற்றோருக்கும் இடமுண்டு. அக்கூட்டத்தைக் காலை வேளையில் வைத்தால் ஒரு நாட்சம்பளத்தை இழந்தே அவர்கள் வர வேண்டும். மாலையில், மலையிலிருந்து இறங்கியபின் வைத்தால் வருவார்கள். இத்தகைய சிறிய விடயங்களை ஊரறிந்தவரே தீர்மானிக்க முடியும். பாடசாலைச் சுதந்திரம் என்று நான் கருதுவது இவற்றையே.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். ஆசிரியரிடமே மதிப்பீட்டை விட்டால் பாரபட்சம் புகாதா என்பது ஒன்று. புகலாம். ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊரிலே அந்தச் சபலம் கூடுதலாகவே இருக்கும். அதற்குப் பரிகாரம், அயலிலுள்ள நான்கைந்து பாடசாலைகள் ஒன்று சேர்ந்து விடைத்தாள்களைத் தமக்குள் மாற்றித் திருத்திக்கொள்வது. நோர்வூட் ஆசிரியர் டிக்கோயாப் பிள்ளையின் தாளைத் திருத்தட்டும். டிக்கோயா ஆசிரியர் பொகவந்தலாவைப் பிள்ளையின் தாளைத் திருத்தட்டும். பாரபட்சமும் குறையும், அடுத்த பாடசாலையில் என்ன கற்பிக்கிறார்கள் என்ற அறிவும் வளரும்.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் கனமானது. புலமைப்பரிசில் பரீட்சையை மாற்றிவிட்டால், லயத்துப் பிள்ளைக்கு நல்ல பாடசாலைக்குப் போக இருந்த ஒரே ஏணியும் போய்விடாதா? மலையகத்துப் பெற்றோர் பலரும் இவ்வாறு அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. தகப்பனாரின் கைக்காசிலும், தாயார் அடகு வைத்த தோட்டிலும் வகுப்புக்குப் போய்ச் சித்தியெய்திய பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுடைய வெற்றி மெய்யானது. ஆயினும் அந்த ஏணியிலே ஏறியவர் எத்தனை பேர், அடியில் நின்றவர் எத்தனை பேர் என்பதையும் எண்ண வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால், மூன்று நான்கு பேரின் பொருட்டு ஏனையோரின் இரண்டு ஆண்டுகள் செலவிடப்படுகின்றன. அந்த மூன்று நான்கு பேரும் ஆறாந் தரத்திலே பட்டினத்துக்குப் போய்விட, எஞ்சிய பாடசாலையிலே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உயர்தர வகுப்புக் கேட்டால், “மாணவர் போதாது” என்ற விடை வருகிறது. மாணவர் போதாமையால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாமையால் மாணவர் தங்குவதில்லை. ஏணியைத் திடீரென்று எடுத்துவிடும்படி நான் கூறவில்லை. முதலில் தோட்டப்புறத்துப் பாடசாலையிலே உயர்தர விஞ்ஞான வகுப்பும், ஆய்வுகூடமும், அங்கே நிலைத்து நிற்கும் ஆசிரியரும் அமையட்டும். ஏணி தேவைப்படாத நாள் அதன் பிறகு தானாகவே வரும். இந்த ஒழுங்கு தவறினால், பரீட்சையை ஒழித்த பின்னும் வசதியுள்ளவர் வேறு வழியால் நுழைந்துகொள்வர். எமது பிள்ளை மட்டும் வாயிலில் நிற்கும்.

ஆகவே, நேயர்களே, பரீட்சையா சுதந்திரமா என்று கேட்பதிலும், எந்த வயதில் எந்தப் பரீட்சை, எந்த வளத்தோடு எந்தச் சுதந்திரம் என்று கேட்பதே பொருத்தமானது. பொது அளவுகோலை வைத்திருப்பது அரசின் கடமை. அந்த அளவுகோலுக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யும் வழியை வகுப்பது பாடசாலையின் கடமை. அந்த வழிக்கு வேண்டிய ஆசிரியரையும் பொருளையும் கொடுப்பது மீண்டும் அரசின் கடமை. இம்மூன்றில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, “புள்ளி போதவில்லை” என்று பிள்ளையைக் குறைகூறுவது முறையாகாது.

கொழுந்து கூடைக்கு வந்த பின்னர் அதை எத்தனை முறை நிறுத்தாலும் எடை கூடுவதில்லை. மண்ணைப் பேணி, உரமிட்டு, உரிய பருவத்தில் கவ்வாத்துச் செய்தால் கூடும். தோட்டத்தில் வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த இச்செய்தியைக் கல்வி பற்றித் தீர்மானம் செய்யும் மன்றங்களும் நினைவிற்கொள்ளும் என்று நம்புகின்றேன்.